மான்ட்செராட் எரிமலைச் சுற்றுலா: காசு வண்டிக்கு இல்லை, கூட வரும் ஆளுக்கு

ஆன்டிகுவாவுக்கு வேலைக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த காலையில் தென்மேற்குப் பக்கம் பார்த்தால் கடலுக்கு அப்பால் ஒரு மலை தெரியும். தலையில் எப்போதும் மேகம் கட்டியிருக்கும். வந்த புதிதில் பக்கத்து மேசைக்காரரிடம் அது என்ன தீவு என்று கேட்டேன். "மான்ட்செராட். நான் பிறந்த ஊர்" என்றார். எப்போது போவீர்கள் என்று கேட்டதற்கு, போக வீடு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த மலை என் மனதில் இருந்தது. தங்கை லீவுக்கு வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் எரிமலைச் சுற்றுலா போய் வந்தேன். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் போங்கள். ஆனால் யாருடன் போகிறீர்கள் என்பதைப் பார்த்துப் போங்கள். இந்தச் சுற்றுலாவில் வண்டி, சாப்பாடு, மலை தெரிவது, தெரியாமல் போவது எல்லாம் இரண்டாம் பட்சம். கூட வருபவர் அந்த ஊரில் வாழ்ந்தவராக இருந்தால் நீங்கள் ஒரு நகரத்தைப் பார்ப்பீர்கள். இல்லாவிட்டால் சேற்றில் புதைந்த சில கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள், அவ்வளவுதான்.

முன்பதிவில்தான் முதல் ஏமாற்றம். ஆன்டிகுவாவில் ஒரு ஏஜென்சி வழியாகப் போட்டோம், பெயர் வேண்டாம். "முழு நாள், எரிமலைக் குழம்பை நேரில் பார்க்கலாம், மதிய உணவு உண்டு" என்று சொன்னார்கள். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. திரும்பும் விமானம் பிற்பகல் மூன்றரைக்கே, உணவுக்குத் தனியாகக் காசு, எரிமலைக் குழம்போ 2010 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே வெளியே வரவே இல்லை. இப்போது வருவது நீராவியும் கந்தக வாயுவும்தான். பதினைந்து வருடத்துக்கு முன் நின்றுபோனதைக் காட்டுகிறேன் என்று விற்பவர்கள் அந்தத் தீவைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். அதனால் ஏஜென்சி வேண்டாம். விமானச் சீட்டை நீங்களே போடுங்கள், வழிகாட்டியிடம் நேராகப் பேசுங்கள். எங்களுடைய வழிகாட்டி வண்டிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுபவர், தலைக்கு இவ்வளவு என்று அல்ல. நான்கு பேராகப் போனால் மிச்சமாகும். கிழக்குக் கரீபியன் டாலர்தான் அங்கேயும் ஓடுகிறது, ஆன்டிகுவாவில் இருப்பவர்கள் பணம் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்க டாலர் வைத்திருந்தால் ஒன்றுக்கு 2.70 கணக்கு.

விமானம் மிகச் சிறியது. இருப்பவர்களை எடை போட்டு, எடையைப் பார்த்து உட்கார வைக்கிறார்கள். என் தங்கை விமானிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இருபது நிமிடத்துக்குள் தீவு வந்துவிட்டது. ஓடுபாதை ஒரு மலை முகட்டில் இருக்கிறது, அறுநூறு மீட்டர்கூட இராது, இரண்டு முனையிலும் பள்ளம், அடியில் சாலைக்கு ஒரு சுரங்கம். 2005இல் திறந்தார்கள். பழைய விமான நிலையத்தை எரிமலை எடுத்துக்கொண்டதால் கட்டியது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் ஷாம்ராக் என்ற, அயர்லாந்தின் சின்னமான மூவிலை வடிவத்தில் முத்திரை குத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரிஷ்காரர்கள் வந்து குடியேறிய தீவு இது. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாள் இங்கே அரசு விடுமுறை, ஆனால் காரணம் ஐரிஷ் நினைவு மட்டும் இல்லை: 1768இல் அதே நாளில் அடிமைப்பட்ட மக்கள் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள், அது முன்கூட்டியே தெரிந்துபோய் அடக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

வழிகாட்டி வாசலில் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி. ஏஜென்சி போட்ட திட்டத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதில் நேராகப் பிளிமத் போகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் புதைந்த தலைநகரத்துக்கு. முதலில் ஆய்வு மையம். மலை என்ன செய்தது என்று தெரியாமல் ஊரைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது" என்றார். அந்த நாளின் மிகச் சரியான முடிவு அதுதான். இந்த மதிப்புரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: ஆய்வு மையத்துக்கு முதலில் போங்கள்.

மான்ட்செராட் எரிமலை ஆய்வு மையம் ஃபிளெமிங்ஸ் என்ற இடத்தில், மேற்குப் பக்கத்து மலைச் சரிவில் இருக்கிறது. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வு மையம் நடத்துகிறது. சிறிய அரங்கில் ஒரு படம் போடுகிறார்கள். படத்தை விட எனக்கு அங்கே வைத்திருந்த கற்களும் சாம்பலும்தான் அதிகம் சொல்லின. சாம்பலைத் தொட்டுப் பார்க்கலாம். பார்வைக்கு மாவு மாதிரி, விரலுக்கு நடுவில் தேய்த்தால் கண்ணாடித்தூள் மாதிரி நறநறக்கிறது. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்த மிச்சம், இது பொடியான பாறை. அதில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிகா படிகம் இருக்கிறது, நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். கூரையில் ஒரு சாண் படிந்து மழையும் பெய்தால் கூரை உட்கார்ந்துவிடும். சாம்பல் விழுந்த மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு போனார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, அதைத் தொட்ட கையோடு கேட்டதால் அது வேறு மாதிரி உறைத்தது.

சுஃப்ரியேர் ஹில்ஸ் என்பது எரிமலையின் பெயர். பிரெஞ்சில் கந்தகம் வரும் இடம் என்று பொருள், அதனால்தான் செயின்ட் வின்சென்ட்டிலும் குவாதலூப்பிலும் இதே பெயரில் எரிமலைகள் உண்டு, குழம்பிக்கொள்ள வேண்டாம். 2021 ஏப்ரலில் வெடித்தது செயின்ட் வின்சென்ட்டில் இருப்பது. அட்லாண்டிக் தரைத்தட்டு கரீபியன் தட்டுக்கு அடியில் வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் நுழைந்துகொண்டிருக்கிறது, அந்த வரிசை முழுவதும் எரிமலைத் தீவுகள் நிற்பது அதனால்தான். நாம் படங்களில் பார்த்துப் பழகிய ஓடும் செந்நிறக் குழம்பு இங்கே கிடையாது. இந்த எரிமலையின் குழம்பு பிசுபிசுப்பானது, ஓடாது. வாயிலிருந்து பிதுங்கி அங்கேயே குவிந்து பெரிய மேடாக வளரும், அதை டோம் என்கிறார்கள். வளர்ந்து வளர்ந்து தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சரியும். சரியும்போது பல நூறு டிகிரி சூட்டில் சாம்பலும் கல்லும் வாயுவும் ஒன்றாகக் கலந்து பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கும். பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ என்பது அதுதான். ஓடித் தப்பிக்க முடியாது. காரிலும் முடியாது. 1902இல் மார்ட்டினிக்கில் பெலே மலையிலிருந்து வந்த இதே மாதிரிப் பெருக்குதான் சான் பியேர் நகரத்தை நிமிடங்களில் அழித்தது, ஏறக்குறைய முப்பதாயிரம் பேர்.

மையத்தின் வெளித் திண்ணையிலிருந்து மலை தெரியும் என்கிறார்கள். எங்களுக்கு மேகம். இருபது நிமிடம் நின்றோம், ஒரு கணம் விலகி ஒரு சாம்பல் நிறத் தோள் தெரிந்தது, அதிலிருந்து வெள்ளையாகப் புகை, பிறகு மூடிவிட்டது. இதற்காக நட்சத்திரத்தைக் குறைக்க மாட்டேன்.

அங்கிருந்து இறங்கினால் பெல்ஹாம் பள்ளத்தாக்கு. வண்டியை நடுவில் நிறுத்தி, "இப்போது நாம் பாலத்துக்கு மேலே நிற்கிறோம்" என்றார். பாலம் எங்கே என்று சுற்றிப் பார்த்தோம். "கீழே" என்றார். சாம்பலும் கல்லும் மழையில் கரைந்து சேற்று வெள்ளமாக வந்து வந்து, பாலம், கோல்ஃப் மைதானம், மரங்கள் எல்லாவற்றையும் மூடி மொத்தப் பள்ளத்தாக்கையும் மேடாக்கிவிட்டது. எரிமலை அமைதியாக இருக்கும் இந்தக் காலத்திலும் கனமழை பெய்தால் அந்த வெள்ளம் வரும், கடக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு வீடு, மாடி மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. மாடி ஜன்னல் என் முழங்காலுக்கு வந்தது. என் தங்கை குனிந்து உள்ளே பார்த்தாள், "அண்ணா, ஃபேன் இருக்கு" என்றாள். மின்விசிறிக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளிதான் இருந்தது.

பிளிமத் இருக்கும் பகுதிக்கு வி மண்டலம் என்று பெயர். நினைத்தவர்கள் நினைத்தபடி போக முடியாது. அனுமதி பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும், காவல்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தீவுக்கு 1 முதல் 5 வரை அபாய நிலை உண்டு, நாங்கள் போன அன்று 1. வாசலில் வழிகாட்டி வாக்கி டாக்கியில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு உள்ளே போகிறோம் என்று சொன்னார், திரும்பி வந்தபோதும் எண்ணிச் சொன்னார். உள்ளே இருந்த ஒன்றே கால் மணி நேரத்தில் அவர் வண்டியை எப்போதும் வெளியே போகும் திசையைப் பார்த்தே நிறுத்தினார், சாவியை எடுக்கவில்லை. நாங்கள் எவ்வளவு தள்ளிப் போனாலும் மலையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், எங்களுடன் பேசும்போதும். இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். பயமுறுத்தவும் இல்லை, சும்மா வாருங்கள் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை.

ரிச்மண்ட் ஹில் மேலே மான்ட்செராட் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல். கைவிட்டுப் போன அன்றைக்கு எப்படியோ அப்படியே சாம்பல் ஏறிக் கிடக்கிறது. நீச்சல் குளம் விளிம்புவரை சாம்பல் நிறைந்து, அதில் புதர் முளைத்திருக்கிறது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் காகிதங்கள் ஈரத்தில் ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கெட்டியாக, மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தன. மேல் தாளில் நீல மையில் யாரோ கூட்டிப் போட்ட கணக்கு, கடைசி வரி மட்டும் படிக்க முடிந்தது. தொடாதீர்கள் என்றார் வழிகாட்டி. சட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "அதில் இருக்கிற கையெழுத்து எனக்குத் தெரிந்த பெண்ணுடையது" என்றார்.

மாடி முகப்பிலிருந்து பார்த்தால் கீழே பிளிமத் முழுவதும் தெரிகிறது. சாம்பல் நிறத் தரை, அதில் இங்கும் அங்கும் கூரைகள், பிறகு கடல். இன்றைக்கும் சட்டப்படி மான்ட்செராட்டின் தலைநகரம் இதுதான், ஒருவர்கூட வசிக்காத தலைநகரம். அரசு அலுவலகங்கள் எல்லாம் வடக்கே பிரேட்ஸில் நடக்கின்றன.

கீழே ஊருக்குள் இறங்கினோம். இங்கேதான் வழிகாட்டியின் அருமை தெரிந்தது. தரை என்று நாங்கள் நடந்தது மூன்றாம் மாடி உயரத்தில். அவர் காலைத் தட்டிக் காட்டி, இதற்கு நேர் கீழே மருந்துக் கடை, இந்தச் சுவர் வங்கி, சனிக்கிழமை காலையில் இங்கே நிற்க இடம் இருக்காது, காய்கறி விற்கிற பெண்கள் மலையிலிருந்து வந்திருப்பார்கள், அங்கே பேருந்து திரும்பும், என்று ஒரு தெருவையே கையால் வரைந்துகொண்டு வந்தார். நான் எதையும் பார்க்கவில்லை, வெறும் மண்ணைத்தான் பார்த்தேன், ஆனால் திரும்பி வந்தபோது அந்தத் தெருவில் நடந்த மாதிரிதான் இருந்தது. நாங்கள் இருந்தபோது இன்னொரு வண்டியும் வந்தது, இளைஞர் ஒருவர் ஓட்டி வந்தார், இறக்கிவிட்டார், பத்து நிமிடத்தில் படம் எடுத்து முடித்து ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

1995 ஜூலை 18ஆம் தேதி மலை விழித்தது. அதற்கு முன் மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அது வெடித்ததாக எழுத்தில் பதிவே இல்லை, முப்பது வருடத்துக்கு ஒரு முறை அளவில் நிலம் மட்டும் நடுங்கும்: 1890களில், 1930களில், 1960களில். அந்த ஆகஸ்ட் 21ஆம் தேதி சாம்பல் மேகம் இறங்கி நடுப்பகலில் நகரம் இருட்டாகிவிட்டது. கையை நீட்டினால் கை தெரியவில்லை, அம்மா எங்கள் எல்லோர் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்றார் வழிகாட்டி. வெளியேறினார்கள், திரும்பி வந்தார்கள், டிசம்பரில் மறுபடி வெளியேறினார்கள், மறுபடி வந்தார்கள். 1996 ஏப்ரல் 3ஆம் தேதி மூன்றாவது முறை. அப்போதும் சில வாரம் என்றுதான் நினைத்தார்களாம், அவருடைய தந்தை இரண்டு சட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். வடக்கே தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கட்டிலுக்குக் கட்டில் துணி கட்டி மாதக்கணக்கில் இருந்தார்கள். 1997 ஆகஸ்டில் நகரம் எரிந்து புதைந்தது. வீட்டுக்கு வாங்கிய கடன் மட்டும் புதையவில்லை. போக முடியாத வீட்டுக்குத் தந்தை வருடக்கணக்கில் தவணை கட்டினார் என்று சொன்னபோது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை, எனக்குத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். பிளிமத் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று வாட்ஜ், ஐசக்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980களின் நடுவிலேயே ஆய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார்கள். 1989இல் ஹியூகோ சூறாவளி தீவின் பெரும்பாலான வீடுகளை அடித்துப் போட்டது. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டிய அந்த நேரத்தில், மருத்துவமனையும் அரசுக் கட்டடங்களும் மறுபடி அதே பிளிமத்தில்தான் எழும்பின. அறிக்கை யாருடைய அலமாரியில் இருந்ததோ. புதிய கட்டடங்களில் பெயின்ட் வாசம் போவதற்குள் சாம்பல் விழுந்தது. இதை ஆய்வு மையத்தில் இன்னும் கொஞ்சம் விரிவாக, முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்பது என் கருத்து.

துறைமுகப் பக்கம் எதிர்பாராத ஒன்று: லாரிகள். எரிமலை கொண்டுவந்து கொட்டிய மணலையும் சரளையையும் அள்ளி, பிளிமத் ஜெட்டியிலிருந்து கப்பலில் மற்றத் தீவுகளுக்குக் கட்டட வேலைக்கு அனுப்புகிறார்கள். நான் குடியிருக்கும் கட்டடத்தின் சுவரில்கூட இந்த மணல் இருக்கலாம். 2013இல் நிலவெப்ப மின்சாரத்துக்கு இரண்டு கிணறுகள் தோண்டி நல்ல சூடும் கிடைத்தது. மலை எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தையாவது மலையிடமிருந்தே வாங்கலாம் என்று பார்க்கிறார்கள்.

மதிய உணவு வடக்கே ஒரு சின்னக் கடையில். கோட் வாட்டர் கேளுங்கள், தேசிய உணவு. பெயர்தான் தண்ணீர், உண்மையில் ஆட்டுக்கறியை எலும்போடு நெடுநேரம் கொதிக்கவிட்ட குழம்பு. கிராம்பு மணம் தூக்கலாக இருக்கும், ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நன்றாக இருந்தது, என் தங்கை இரண்டாவது கிண்ணமும் வாங்கினாள். வரும் வழியில் ரன்அவே கட் என்ற ஓடையில் நிறுத்தினார். அங்கே மலை ஓடைகளைக் கட் என்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் மறுபடி மறுபடி இந்தத் தீவுக்கு வருவீர்கள் என்பது ஐதீகம். இங்கிலாந்துக்கும் ஆன்டிகுவாவுக்கும் போன தன் அண்ணன் தம்பிகள் எல்லோரும் இதைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் என்றார். எரிமலைக்கு முன் தீவில் சுமார் 11,000 பேர். இப்போது 5,000க்கும் குறைவு. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு இது, 2002இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது, அதனால் இங்கிலாந்துக்குப் போனவர்களுக்கு அங்கே நிலையாக இருப்பது சுலபமானது, திரும்புவது கடினமானது.

கடைசி நிறுத்தம் ஜாக் பாய் ஹில், கிழக்குக் கரைக்கு மேலே ஒரு பார்வையிடம். நேரம் இல்லை, விட்டுவிடலாமா என்று நானே கேட்டேன், ஏஜென்சி போட்ட விமான நேரத்தை நினைத்து. "இல்லை, இதைப் பார்க்க வேண்டும்" என்றார். கீழே பழைய பிராம்பிள் விமான நிலையம் இருந்த இடம். 1997 ஜூன் 25, மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் டோம் சரிந்து, மொஸ்கிட்டோ கட் வழியாகப் பெருக்கு இறங்கி ஸ்ட்ரெதம், ஃபாரல்ஸ், பெத்தல் என்று ஊர் ஊராக எரித்துக்கொண்டு விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. 19 பேர் இறந்தார்கள். தடை செய்த பகுதிக்குள் ஏன் போனார்கள் என்று கேட்பது சுலபம். பலர் பயிர் பார்க்கப் போனவர்கள், கேரட்டும் உருளைக்கிழங்கும். தீவின் நல்ல விவசாய மண் முழுவதும் அங்கேதான், வடக்கே அவர்களுக்கு நிலம் ஒதுக்கிக் கொடுக்கப்படவில்லை, முகாமில் இருந்தவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். பிறகு நடந்த மரண விசாரணையில் ஜூரியும் இந்த நிலம் கொடுக்காத விஷயத்தைச் சுட்டிக்காட்டியது. அவர் மாமா அந்த மலைச்சரிவில் கேரட் போட்டிருந்தார் என்பதை மட்டும் சொன்னார். அன்றைக்கு மாமா அங்கே போனாரா என்று நான் கேட்கவில்லை, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அந்த செப்டம்பரில் வந்த இன்னொரு பெருக்கு விமான நிலையக் கட்டடத்தை அழித்தது. அதே வருடம் டிசம்பர் 26ஆம் தேதி தென்மேற்குச் சரிவே இடிந்து கடலுக்குள் போனது. 2003 ஜூலையில் சரிந்த டோம் 21 கோடி கன மீட்டர், வரலாற்றில் பதிவானதிலேயே பெரியது என்கிறார்கள். கடைசியாக 2010 பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது, கிழக்கே கடற்கரையையே தள்ளி வைத்துவிட்டது. பழைய ஓடுபாதை எங்கே என்று அவர் விரலால் காட்டினார், பச்சைப் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. எரிமலை ஓய்ந்துவிட்டதா என்று தங்கை கேட்டாள். நிலத்துக்கு அடியில் இன்னும் மெதுவாக உப்பிக்கொண்டிருக்கிறது, மையத்தில் ஜிபிஎஸ் வைத்து அளக்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் பார்வை மலையில்தான்.

இனி மதிப்பெண். வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. ஆய்வு மையத்துக்கு நான்கு. கற்களுக்கும் சாம்பலுக்கும் கிடைக்கும் இடம் ஊரில் வாழ்ந்த மனிதர்களின் குரலுக்கும் கிடைத்தால் முழுமையாக இருக்கும். ஏஜென்சிக்கு ஒன்று, அதுவும் விமானச் சீட்டாவது சரியாக இருந்ததற்கு.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒரு நாளில் முடிக்கலாம், ஆனால் ஒரு இரவு தங்குங்கள், மலை காலையில் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம், மேகத்துக்காகக் காத்திருக்கவும் நேரம் கிடைக்கும். மூடிய ஷூ அவசியம், செருப்பில் போனால் சாம்பல் விரலிடுக்கில் ஏறி அறுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகமூடி எடுத்துக்கொள்ளுங்கள், காற்றடித்தால் பிளிமத்தில் இன்றைக்கும் தூசி கிளம்புகிறது. கைக்குட்டை, தண்ணீர், தொப்பி. முன்பதிவு செய்யும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: நீங்கள் 1995க்கு முன் எந்த ஊரில் இருந்தீர்கள்? பதில் சொல்பவர் பிளிமத், கிராமத்துப் பெயர், தெருப் பெயர் என்று போய்க்கொண்டே இருந்தால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். இவர்கள் எல்லோருக்கும் வயதாகிறது, அதனால் தள்ளிப் போடாமல் சீக்கிரம் போங்கள்.

திரும்பி வந்த மறுநாள் பக்கத்து மேசைக்காரரிடம் போய்வந்ததைச் சொன்னேன். கைபேசியில் படங்களைக் காட்டினேன், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹோட்டல் மாடியிலிருந்து எடுத்த படத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு கூரைக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மண்ணாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்கே" என்றார். அடுத்த மார்ச்சுக்கு மூன்று சீட்டு போட்டிருக்கிறோம், எனக்கு, அவருக்கு, அவருடைய மகளுக்கு. அதே வழிகாட்டிதான்.